நாற்பத்தொரு சிவப்புச் சீட்டும் ஒரு ஹெலிகாப்டரும்

ஃபேன் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் செக்கராக இருந்து ஓய்வுபெற்ற அந்த மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. ஊருக்கெல்லாம் அவர் 'சிவப்புச்சீட்டு'. வரிசையின் கடைசி மேஜை அவருடையது. ஃபேன் வரும், சுழல விடுவார், காதைக் கொடுப்பார். சரியாக இருந்தால் தள்ளிவிடுவார். இல்லையென்றால் கழுத்தில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டித் திருப்பி அனுப்புவார். என்ன கோளாறு என்று எழுதச் சீட்டில் ஒரு கட்டம் இருந்தது. முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் கட்டத்துக்குள் அவர் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

“குறை இருக்குன்னு சொல்றது என் வேலை. என்ன குறைன்னு தேடுறது பொருத்தினவன் வேலை. ரெண்டையும் நானே செஞ்சா அவன் எதுக்கு?” என்பார்.

திரும்பி வந்த ஃபேனை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டுக்கொண்டு, எங்கே தப்பு என்று தெரியாமல் பொருத்துபவர்கள் வியர்த்து வழிவார்கள். இவர் டீயை உறிஞ்சியபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒளிக்காமல் சொல்வதென்றால் அவருடைய ஒரு நாளில் மிகவும் இனிப்பான நேரம் அதுதான். வாயைத் திறந்தால் இரண்டே நிமிஷத்தில் முடிகிற வேலைக்கு அவர்கள் அரை நாள் செலவழிப்பார்கள். வாய் திறக்காது.

காது மட்டும் அபாரம். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பேரிங்குக்குள் ஒரு மணல் தூசி இருந்தாலும் சொல்லிவிடுவார். எதிரிகள்கூட அதை மறுத்ததில்லை. எதிரிகளுக்கும் அவருக்குக் குறைச்சல் இல்லை.

ஓய்வுபெற்ற அன்று கம்பெனியிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு கைக்கடிகாரமும் ஒரு பெட்டி நிறையச் சிவப்புச் சீட்டும். கம்பெனி கம்ப்யூட்டர் ஸ்டிக்கருக்கு மாறிவிட்டதால் பழைய சீட்டைத் தூக்கிப் போடப் போனார்கள். இவர் பிள்ளையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்புறம் வீட்டில் ஆரம்பித்தது கூத்து. சொட்டுகிற குழாயில் ஒரு சீட்டு. கிரீச்சிடுகிற பக்கத்து வீட்டுக் கேட்டில் ஒரு சீட்டு. மனைவி தேய்த்து வைத்த சட்டையின் பொத்தானில் ஒரு சீட்டு. அந்த அம்மாள் அதை நிதானமாக அவிழ்த்து மேஜைமேல் வைத்துவிட்டு, மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். ஐந்து வருஷம் ஆகிறது. பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்று இவர் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பேத்தி இரண்டாம் வகுப்புப் போகிறாள்.

அதிலிருந்து மத்தியானச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் இரண்டு தெரு தள்ளி இருக்கும் தங்கை வீட்டில். தங்கை முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் திரைச்சீலை தைப்பவள். அண்ணன் வந்து உட்கார்ந்ததும் தட்டு வைப்பாள். உப்புக் குறைவு என்பார், உப்பை நகர்த்தி வைப்பாள். சோறு குழைந்துவிட்டது என்பார், சிரிப்பாள். உலகத்தில் அவர் கதவைத் தட்டாமல் நுழையக்கூடிய ஒரே வீடு அது. அதை அவர் ஒரு பெரிய விஷயமாக நினைத்ததில்லை.

தங்கை புருஷன் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி ரிப்பேர் செய்பவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதுதான் கடை. விரல் நுனியெல்லாம் சூட்டுத் தழும்பு. பேச்சு கம்மி, சிரிப்பு ஜாஸ்தி. நாலு வருஷம் முன்னால் ஒரு நாள் சாப்பாட்டு நடுவில், ஒரு ஆள் உட்கார்ந்து பறக்கிற மாதிரி பேட்டரியில் ஓடும் சின்ன ஹெலிகாப்டர் செய்யப்போகிறேன் என்று அந்த மனிதர் சொன்னபோது, சிவப்புச்சீட்டுக்குப் புரையேறிவிட்டது.

“கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் போனானாம்! எதுக்கு மாப்ள உங்களுக்கு இந்த வேண்டாத வேலை?”

“பறக்கணும்னு தோணுது மச்சான்.”

“தோணும், தோணும். மழை பெஞ்சா ஈசலுக்கும்தான் தோணுது.”

மாப்பிள்ளை அதற்கும் சிரித்தார். மறுநாளே அலுமினியக் குழாய் வந்து இறங்கியது.

மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குழாயில் ஒரு கூடு, நடுவில் ஒரே ஒரு இருக்கை, இருக்கைக்கு அடியில் பேட்டரி. தலைக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி இறக்கை. மேல் ஜோடி வலப்பக்கம் சுற்றும், கீழ் ஜோடி இடப்பக்கம் சுற்றும். ஒன்றின் முறுக்கை இன்னொன்று சரிக்கட்டிவிடுவதால் வால் விசிறி தேவையில்லை. இதற்காக ஒரு தடித்த தண்டுக்குள் ஒரு மெல்லிய தண்டு. இரண்டும் ஒன்றையொன்று உரசாமல் இருக்க நடுவில் பேரிங். கைப்பிடியைச் சாய்த்தால் இறக்கைத் தலை சாயும், மெஷின் அந்தப் பக்கம் போகும். முழு சார்ஜில் எட்டு நிமிஷம் பறக்கலாம் என்று கணக்கு. இதைச் செய்ய அந்த மனிதர் நாலு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தார். தங்கை இருக்கைக்கு உறை தைத்தாள், தோளையும் இடுப்பையும் பிடிக்கும் பட்டையை இரட்டைத் தையல் போட்டுத் தைத்தாள்.

சிவப்புச்சீட்டு என்ன கொடுத்தார்? சாயங்காலமானால் ஒரு நாற்காலியைக் கொட்டகை வாசலில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பையில் சீட்டுக் கட்டு.

முதல் சீட்டை இருக்கைக் காலின் வெல்டிங்கில் கட்டினார். மாப்பிள்ளை பதறிப்போய், “இதுல என்ன மச்சான்?” என்று கேட்டார். “பாருங்க” என்றார் இவர். அந்த அப்பாவி மூன்று நாள் பார்த்தார். வெல்டிங்கை வெட்டி மறுபடி போட்டார். சுத்தியலால் தட்டிப் பார்த்தார். தெரிந்த வெல்டர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினார். ஒன்றும் தெரியவில்லை. நாலாம் நாள் கெஞ்சாத குறையாகக் கேட்டபோது சிவப்புச்சீட்டு காலை ஆட்டிக்கொண்டே சொன்னார்:

“பெயின்ட் கலர் எனக்குப் பிடிக்கல.”

வெல்டர் வாய்விட்டுச் சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். ஆனால் அதற்கப்புறம் எந்தச் சீட்டுக்கும் அவர் காரணம் கேட்கவில்லை. கட்டினால் கட்டட்டும் என்று விட்டுவிட்டார். கைப்பிடியில் ஒன்று, சார்ஜ் ஒயரில் ஒன்று, திருகாணிக்கு ஒன்று, திருகாணி இல்லாத இடத்துக்கு ஒன்று. ஏலத்துக்கு வந்த சாமான் மாதிரி இருந்தது மெஷின். கேட்காமல் போனதில் சிவப்புச்சீட்டுக்கு உள்ளூர எரிச்சல். கேட்டால்தானே சொல்லாமல் இருக்க முடியும்?

நாலு கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கான்கிரீட் கட்டைகளில் பூட்டி, கொட்டகைக்குப் பின்னால் ஒரு நாள் கிளப்பிப் பார்த்தார்கள். தரையிலிருந்து ஒரு முழம் எழும்பி ஒரு நிமிஷம் நின்றது. தங்கை கை தட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. சிவப்புச்சீட்டு நாற்காலியைவிட்டு எழவில்லை. “ஃபேனும்தான் சுத்துது. அது மேல போகக் கூடாதுன்னு நாங்க கூரையில மாட்டி வச்சோம், இவரு என்னமோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி” என்றார். அன்றைக்கு மட்டும் ஆறு சீட்டு கட்டினார்.

கயிறு கட்டாமல் பறப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைக் குறித்தார்கள். அதற்கு முன்னால் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தண்டுக்கும் நடுவில் இருந்த பேரிங்கை மாப்பிள்ளை புதிதாக மாற்றினார். வியாழக்கிழமை சாயங்காலம் அது முடிந்தது. இறக்கையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கடை வாசலில் யாரோ கூப்பிட்டதால் அவர் முன்பக்கம் போனார்.

சிவப்புச்சீட்டு நாற்காலியில் நிமிர்ந்தார்.

எழுந்து போய்த் தானே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். ஸ்குரூ டிரைவரின் நுனியைத் தண்டின் கழுத்தில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். டக். ஒரு சுற்று. டக். இன்னொரு சுற்று. டக். புதுப் பேரிங்தான். ஆனால் உள்ளே உருளும் குண்டுகளில் ஒன்று சொத்தை. கையால் சுற்றும்போது ஒரு டக். வேகமெடுத்தால் சூடாகும், சூடானால் இறுகும், இறுகினால் எதிரெதிராகச் சுற்றுகிற இரண்டு தண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். மேலே இருக்கும்போது கவ்வினால் கீழேதான். ஐந்து நிமிஷமோ ஆறு நிமிஷமோ. இதெல்லாம் அவருக்கு ஒரு மூச்சில் தெரிந்துவிட்டது. நாலு வருஷத்தில் அந்த மெஷினில் அவர் கண்ட முதல் உண்மையான குறை இதுதான்.

என்ன செய்திருப்பீர்கள்? வாசலைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்திருப்பீர்கள். 'மாப்ள, பேரிங் சொத்தை, மாத்துங்க.' நாலே வார்த்தை. ஒரு மணி நேர வேலை.

அவர் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துத் தண்டின் கழுத்தில் கட்டினார். கட்டம் வழக்கம்போல வெறுமையாக இருந்தது. முடிச்சைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டார். அவ்வளவு அக்கறை காட்டினார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

திரும்பி வந்த மாப்பிள்ளை அதைப் பார்த்தார். “நாப்பத்தொண்ணா மச்சான்?”

“எண்ணிக்கிட்டே இருங்க.”

“சாப்பாடு ஆறிடப்போகுது, வாங்க” என்று அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் சிவப்புச்சீட்டு காத்திருந்தார். ஒரு வார்த்தை கேட்கட்டும், சொல்லிவிடுகிறேன் என்று மனசுக்குள் அவர் பெரிய வள்ளலாகியிருந்தார். சாப்பிடும்போது இரண்டு தடவை இருமினார். “பேரிங் மாத்தினீங்களே, நல்லா இருக்கா?” என்றுகூடக் கேட்டுவிட்டார். “வெண்ணெய் மாதிரி இருக்கு மச்சான்” என்றார் அந்த மனிதர் சந்தோஷமாக. வெண்ணெய் என்ற வார்த்தை சிவப்புச்சீட்டுக்குச் சுருக்கென்றது. முப்பத்தோரு வருஷம் காதை வைத்துப் பிழைத்தவன் எதிரில் உட்கார்ந்திருக்க, பேட்டரிக்காரன் வெண்ணெய் என்கிறான். சரி, எல்லாச் சீட்டையும் அவிழ்க்கும்போது அதைப் பார்க்கத்தானே வேண்டும், அப்போது கேட்கட்டும் என்று சோற்றைப் பிசைந்தார். சனிக்கிழமை கால் வலி என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டார். கால் நன்றாகத்தான் இருந்தது. ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. யாரும் வரவில்லை, சாப்பாட்டுக் கேரியர் மட்டும் வந்தது.

ஞாயிறு விடிந்ததும் ஊருக்கு வெளியே, செங்கல் சூளை மூடிப்போன திடலில் கூடினார்கள். பெரிய கூட்டமெல்லாம் இல்லை. தங்கை, வெல்டர், மெஷினை ஏற்றிவந்த லாரி டிரைவர், பழைய வாடிக்கைக்காரர்கள் நாலைந்து பேர். மெஷின் திடல் நடுவில் நின்றது. அதில் ஒரு சீட்டும் இல்லை.

சிவப்புச்சீட்டு தங்கையிடம் போனார். “சீட்டெல்லாம் எங்க?”

“நேத்து கத்தரிச்சு எடுத்துட்டேன் அண்ணா. எடையைக் குறைக்கணும்னாரு.”

“தண்டுகிட்ட ஒண்ணு இருந்துச்சே. பெரிய முடிச்சா.”

“எல்லாத்தையுந்தான். ஏன்?”

“மாப்ள அதைப் பாத்தாரா?”

“நான்தான் எடுத்தேன், அவர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்திக்கிட்டு இருந்தாரு. ஏன் அண்ணா?”

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். அந்த நேரத்தில் அவர் பயந்தார், உண்மையாகவே பயந்தார். விடுவிடுவென்று மெஷினுக்குப் போனார். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து பட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டுக்குள் முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

“மாப்ள, நாட் ஓகே.”

அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. “என்ன மச்சான் நாட் ஓகே? கலரா?”

லாரிக்குப் பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். வெல்டர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

பேரிங் என்ற சொல் அவர் நாக்கு நுனிக்கு வந்திருந்தது. ஒரே ஒரு சொல். சிரிப்புச் சத்தம் காதில் விழுந்ததும் அதை அப்படியே முழுங்கினார். இவ்வளவு நாள் நான் சொன்னது ஒரு பொருட்டில்லை, இப்போது நான் இவர்கள் காலில் விழுந்து விளக்க வேண்டுமா? பயம் எங்கேயோ போய்விட்டது. அந்த இடத்தில் ரோஷம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. ஒரு மனுஷன் உயிரைவிட இந்த ஆளுக்குத் தன் மூக்கு பெரிதாக இருந்தது. துப்பத்தான் தோன்றுகிறது.

“சரி. பறந்து காட்டுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

எல்லோரும் லாரிக்குப் பின்னால் போக வேண்டும் என்று மாப்பிள்ளை கையைக் காட்டினார். போனார்கள். இறக்கைகள் சுற்ற ஆரம்பித்தன. புழுதி எழுந்தது. மெஷின் ஒரு முழம் எழும்பியது, இடுப்பு உயரம் வந்தது, ஆள் உயரம் வந்தது. கைப்பிடி சாய்ந்தது, மெஷின் மெதுவாக முன்னால் நகர்ந்து, திடலின் ஓரம் வரை போய், திரும்பி வந்தது. டிரைவர் வாயைப் பிளந்தபடி நின்றார். சிரித்த வெல்டர் இப்போது இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பேட்டரிக்காரர், அலுமினியக் குழாயில் உட்கார்ந்து, இரண்டு ஆள் உயரத்தில் பறந்துகொண்டிருந்தார். மூன்று நிமிஷம். நாலு நிமிஷம். நம் காது தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று சிவப்புச்சீட்டுக்கே சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஐந்தாவது நிமிஷத்தில் சத்தம் மாறியது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அடியில் மெல்லிசாக ஒரு கீச்சு. அது ஏறிக்கொண்டே போனது. கத்தியிருந்தால், கையை ஆட்டியிருந்தால், இறக்குவதற்குச் சமயம் இருந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு காதை மட்டும் கொடுத்துக்கொண்டு நின்றார். பிறகு தகரத்தைக் கிழித்த மாதிரி ஒரு அலறல். இறக்கைகள் நின்ற இடத்தில் முறிந்து நாலாபக்கமும் பறந்தன. கூடு மட்டும் பொத்தென்று விழுந்தது.

அந்தக் கணத்தில் அவருக்கு வந்தது சந்தோஷம். சுற்றி வளைக்க ஒன்றுமில்லை, சந்தோஷம்தான். சொன்னது சரி. காது சரி. மற்றவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். அவர் மெதுவாக, தனக்குத்தானே, இரண்டு தடவை தலையை ஆட்டினார். பிறகுதான் அவரும் ஓடினார்.

தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. விலா எலும்பு இரண்டு. இடுப்புப் பட்டை அறுந்திருந்தால் ஆளே இல்லை என்றார் டாக்டர், பட்டை அறுபடவில்லை. ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் சிவப்புச்சீட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். காலைத் தூக்கிக் கட்டியிருந்த அந்த மனிதர் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

“மச்சான், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எதுல கோளாறு?”

சிவப்புச்சீட்டு உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கோளாறுக்குக் காரணம் சொன்னார். எந்தப் பேரிங், எந்த இடம், எப்படிக் கேட்டது, ஏன் சூடாகும், எப்படிக் கவ்வும், எல்லாவற்றையும் அரை மணி நேரம் சொன்னார். மாப்பிள்ளை ஒரு காகிதம் வாங்கிப் படம் போட்டுக் கேட்டுக்கொண்டார். அவ்வளவு ஆசையாகத் தன் பேச்சை ஒருவர் கேட்டது சிவப்புச்சீட்டுக்கு நினைவில்லை.

“அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு மணி நேரத்துல மாத்தியிருப்பேனே மச்சான்” என்றார் கடைசியில். குரலில் கோபமே இல்லை.

“நீங்க கேக்கலையே மாப்ள.”

அந்த மனிதர் காகிதத்தை மடித்தார். “ஆமா. நான் கேக்கல. என் தப்புதான்” என்றார்.

சிவப்புச்சீட்டு அந்தத் தப்பை அவரிடமே விட்டுவிட்டு எழுந்தார். மனசு லேசாக இருந்தது. வெளியே நடைபாதை பெஞ்சில் தங்கை ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டுக்கு எப்போது திரும்புவாள், சமையல் எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டார். ஓட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

“அண்ணா, அவர் மேல போனதுல இருந்து நான் அந்தப் பக்கமே பாக்கல. பாக்க பயமா இருந்துச்சு. உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். உனக்குத்தான் சத்தத்துலயே எல்லாம் தெரியுமே, ஏதாவது ஒண்ணுன்னா உன் மூஞ்சியிலதான் முதல்ல தெரியும்னு.”

அவள் ஃபிளாஸ்கின் மூடியை இறுக்கித் திருகினாள்.

“விழுந்தப்பவும் உன்னத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றாள். “அவர்கிட்ட நான் சொல்லல. உன்ன நல்லவன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு, அப்படியே இருக்கட்டும். நீ இனிமே வீட்டுக்கு வராத.”

உள்ளிருந்து புருஷன் தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டார். அவள் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். மற்ற நோயாளிகளின் தூக்கம் கலையக் கூடாது என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அந்தச் சத்தமும் சிவப்புச்சீட்டுக்குக் கேட்டது.